உப்புப் போடாத குண்டிக்காய்

கெர்லிங்
8 ஜூலை 1952

திரு. ஆர்தர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கட்டிக்கொண்ட, ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி சிவானந்தம் எழுதுவது. பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் கடைசிவரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் கல்யாணப் பத்திரிகை கோலசிலாங்கூரிலிருந்து பிரிக்காமலே திரும்பி வந்தது. அது உங்கள் அப்பாவின் வேலை. உபதேசியார் வீட்டுப் பெண்ணை ஒரு சைவக்காரன் கூட்டிக்கொண்டு போய்விட்டான் என்ற கோபம் அவருக்கு. அது எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் வராதது உங்கள் வேலை. அதைப் பற்றி எழுதுவதற்காக நான் பேனாவை எடுக்கவில்லை, இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கான்ஸ்டன்ஸுக்கு க்ஷயரோகம். போன வருடமே கண்டுபிடித்துவிட்டார்கள். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட்டார்கள். நன்றாகத் தேறி, தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போய்ப் பாடமும் நடத்தினாள். பிறகு காய்ச்சல் மறுபடி வந்தது. கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதாம், இனி எத்தனை ஊசி போட்டாலும் தண்ணீர்தானாம். சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. இப்போது வீட்டிலேயே படுத்திருக்கிறாள். சளியில் ரத்தம் வருகிறது.

எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் தங்கராஜுதான் யோசனை சொன்னார். “கிராணி, ஒங்க மச்சான் சிங்கப்பூர்ல ஆராய்ச்சிக் கூடத்துல இருக்காருன்னு டீச்சரம்மா சொல்லிச்சே. அங்க புதுசா ஏதாச்சும் வந்திருக்கான்னு ஒரு வரி எழுதிப் பாருங்களேன்லா” என்றார். நான் யாரிடமும் கை நீட்டிப் பழக்கமில்லாதவன். அவளுக்காக நீட்டுகிறேன். வேறு மருந்து உண்டா? உண்டு, இல்லை என்று ஒரு சொல் எழுதினால் போதும்.

நான் எழுதியது அவளுக்குத் தெரியாது. பதிலை ஆபீஸ் விலாசத்துக்கே போடவும்.

இப்படிக்கு,
க. சிவானந்தம்


சிங்கப்பூர்
17 ஜூலை 1952

திரு. சிவானந்தம் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுக்கூடத்து வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு வருடமாக அக்காவுக்கு இப்படி இருக்கிறது, எனக்கு ஒரு வார்த்தை இல்லை. நீங்கள் என்னைக் குத்திக் காட்டிய ஒவ்வொரு வரிக்கும் பதில் எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. அப்போது நான் அப்பா சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன், அவரை எதிர்த்து ரயில் ஏறும் தைரியம் எனக்கு இல்லை. அவ்வளவுதான் என் சமாதானம். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து உண்டா என்று கேட்டீர்கள். மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு சங்கதி இருக்கிறது. அமெரிக்காவில் சில டாக்டர்கள், மாட்டின் குண்டிக்காயிலிருந்து, அதாவது சிறுநீரகத்திலிருந்து, ஒரு பொருளைப் பிரித்து க்ஷயக் கிருமி வளரும் குழாயில் விட்டிருக்கிறார்கள். கிருமி வளராமல் அப்படியே நின்றுவிட்டது. எங்கள் பேராசிரியர் அதை இங்கே செய்து பார்க்கிறார். விடியற்காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு மாடு அறுக்கும் மாட்டுத் தொட்டிக்குப் போய்க் குண்டிக்காய் வாங்கி வந்து அரைப்பது உங்கள் மச்சான்தான்.

அந்தப் பொருளின் பெயர் ஸ்பெர்மின். முதன்முதலில் அதை எதில் கண்டுபிடித்தார்கள் என்பதை அக்காவுக்கு நீங்கள் படித்துக் காட்டக்கூடிய கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆண்பிள்ளை என்ற முறையில் நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள். இதற்கு இன்னும் கூடப்பிறந்தவர்கள் உண்டு. பிணம் அழுகும்போது வரும் நாற்றத்திலிருந்து பெயர் பெற்ற இரண்டு பேர். இந்தக் கூட்டத்துக்குப் பொதுப்பெயர் பாலிஅமீன். பெயரைக் கேட்டு முகம் சுளிக்காதீர்கள். உயிரோடு வளர்கிற செல்லில் எல்லாம் இந்தக் கூட்டத்தில் ஒன்றாவது இருக்கிறது. ஈஸ்ட்டில் இருக்கிறது, முளைவிடும் பயறில் இருக்கிறது, நம் ரத்தத்தில் இருக்கிறது. சில கிருமிகள் இது இல்லாமல் வளரவே மாட்டா. அப்படிப்பட்டது க்ஷயக் கிருமியை மட்டும் ஏன் மடக்குகிறது என்று யாருக்கும் தெரியாது. செல்லுக்குள் அதற்கு என்ன உத்தியோகம் என்றும் தெரியாது.

அவசரப்பட்டு நம்பிவிடாதீர்கள் என்று எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று அந்தக் குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது தண்ணீர் போலத் தெளிவாக இருந்தன. நான் நம்பிவிட்டேன்.

ஆர்தர்


கெர்லிங்
2 ஆகஸ்டு 1952

தம்பி ஆர்தருக்கு,

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன், சில இடங்களைத் தாண்டிக்கொண்டு. உனக்கு எழுதியதற்கு முதலில் என் மேல் கோபித்துக்கொண்டாள். பிறகு நீ வாளி தூக்கும் இடம் வந்ததும் சிரித்துவிட்டாள். “கோழி அறுத்தாலே மயக்கம் போட்டு விழுவான் அவன், மாட்டுத் தொட்டிக்குப் போறானாமா?” என்றாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. இருந்தாலும் சிரித்தாள்.

இங்கே நிலைமை உனக்குத் தெரிந்திருக்கும். கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சனங்களை எல்லாம் ஒரே இடத்தில் கூட்டி முள்கம்பி போட்டாயிற்று. சர்க்காரோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுக் காட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு போகிறது என்று சொல்லி, ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடிச் சோறுகூட எடுத்துப் போகக்கூடாது என்று உத்தரவு. கேட்டில் தூக்குச்சட்டியைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்கள். ரோட்டில் எந்தத் தின்பண்டத்தைக் கொண்டுவந்தாலும் பெர்மிட் வேண்டும். என்ன பண்டம், யாருக்கு, எதற்கு என்று அதில் எழுதவேண்டும். அந்த பெர்மிட்டுகளை எழுதுகிற கிராணி நான்தான். என்னைப் பார்த்தாலே சனங்களுக்கு ஆகவில்லை.

பள்ளியில் படித்தபோது சயன்ஸில் எனக்கு ஆர்வம் உண்டு. அதனால் சும்மா தெரிந்துகொள்ளச் சில விஷயங்கள் கேட்கிறேன். அந்தப் பொருள் கொதிக்க வைத்தால் கெட்டுப் போகுமா? உப்பு, புளி பட்டால் என்ன ஆகும்? ஆட்டின் உறுப்பில் அது இல்லையா, மாடுதான் வேண்டுமா? நேரம் கிடைத்தால் எழுது.

அவள் என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து கவிச்சி தொட்டதில்லை. நான் விடச் சொல்லவில்லை, அவளாக விட்டாள். அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவானந்தம்


சிங்கப்பூர்
12 ஆகஸ்டு 1952

அன்புள்ள அத்தான்,

இப்படிக் கூப்பிடலாம் அல்லவா? கூப்பிட்டுவிட்டேன், இனி நீங்கள் கோபித்தாலும் அழிக்க முடியாது.

கேள்வி என்றால் இதுதான் கேள்வி! எங்கள் முதல் வருடத்துப் பையன்களுக்கு இப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை. கொதிக்க வைத்தால் அது கெடாது. நாங்களே அமிலத்தில் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத்தான் எடுக்கிறோம், கல்லு மாதிரி தாக்குப்பிடிக்கும். புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. உப்புதான் எங்களுக்கு எமன். உப்புச் சேர்ந்துவிட்டால் பிரித்தெடுக்கப் படாத பாடு படவேண்டும், அதனால் கிட்டவே சேர்க்க மாட்டோம். ஆட்டிலும் இருக்கிறது, எதில்தான் இல்லை? ஆனால் இங்கே செய்து பார்த்ததெல்லாம் மாட்டில்தான்.

புதிய குழாய்களிலும் கிருமி எழும்பவில்லை. அடுத்தது எலிகளுக்கு ஊசி போடப் போகிறார்கள். அது சரியாக வந்தால் மனிதர்களுக்கு வர நாளாகாது என்று பேராசிரியரே சொன்னார். அவர் லேசில் வாயைத் திறக்கிறவர் அல்ல.

அக்காவிடம் சொல்லுங்கள், நான் இப்போதெல்லாம் மயக்கம் போடுவதில்லை. முதல் வாரம் மட்டும் போட்டேன்.

உங்கள்
ஆர்தர்


கெர்லிங்
5 செப்டம்பர் 1952

அன்புள்ள தம்பிக்கு,

நல்ல செய்திதான். கான்ஸ்டன்ஸுக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. நேற்றுத் தலை வாரிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். தங்கராஜு பார்த்துவிட்டு, முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிகிறது என்றார்.

காரணத்தை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேறு யாருக்கும் தெரியக்கூடாது. கெர்லிங் டவுனில் பாய் கடைக்குப் போய் மாட்டுக் குண்டிக்காய் வாங்கி வந்து நானே சமைத்துக் கொடுக்கிறேன். கடையில் அதன் பெயரைச் சொல்லவே எனக்கு நாக்கு வரவில்லை, விரலால் காட்டினேன். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கொதிக்க வைக்கிறேன். நீ சொன்னபடி உப்பு ஒரு கல்கூடப் போடுவதில்லை. ஆட்டு ஈரல், டாக்டர் சொன்ன பத்தியம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். நோயாளிக்கு வாசனை தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. சமையலுக்கு வருகிற காளியம்மாவுக்கு மட்டும் ஏதோ சந்தேகம், சட்டியைத் தொட மாட்டேன் என்கிறாள்.

பெர்மிட் போடவில்லை. எப்படிப் போடுவேன்? தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் பொருளாளர் நான். எனக்கு மாட்டுக் குண்டிக்காய் பெர்மிட் என்று என் கையாலேயே எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கி, கேட்டில் அத்தனை பேர் பார்க்க நீட்டுவதா? தபால் எடுக்கப் போகிற சாக்கில் பைக்கு அடியில் வைத்துக் கொண்டுவருகிறேன். கிராணியை யாரும் சோதிப்பதில்லை.

பாவமா என்று நீ கேட்க மாட்டாய், உங்கள் வீட்டில் இது சாதாரணம். எனக்குக் குளித்துவிட்டு விபூதி பூசும்போது கை கூசுகிறது. ஆனால் அவள் தட்டைக் காலி செய்வதைப் பார்க்கும்போது கூசவில்லை.

சிவானந்தம்


சிங்கப்பூர்
12 செப்டம்பர் 1952

அன்புள்ள அத்தான்,

உடனே நிறுத்துங்கள். தயவுசெய்து நிறுத்துங்கள்.

நான் சாப்பிடச் சொல்லவே இல்லையே! குழாயில் விடுகிறோம் என்றுதானே எழுதினேன். வாளி வாளியாய் அரைத்து எங்களுக்குக் கிடைப்பது நகக்கண்ணில் ஒட்டும் அளவு தூள். ஒரு குண்டிக்காயைத் தின்று அது நுரையீரலுக்குப் போய்ச் சேரப் போவதில்லை. நீங்கள் கேள்வி கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பாராட்டு வேறு எழுதினேன், மடையன்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் குழாயில் கிருமிக்குத் தீனி மாட்டு ரத்தத்தின் தெளிவுநீர். போன வாரம் பேராசிரியர் அதற்குப் பதில் மனித ரத்தத்தின் தெளிவுநீரை விட்டுப் பார்த்தார். கிருமி ஜம்மென்று வளர்ந்துவிட்டது. மாட்டு ரத்தத்தில் உள்ள ஏதோ ஒன்று ஸ்பெர்மினை உடைத்து வேறொன்றாக மாற்றுகிறது, கிருமியை மடக்குவது அந்த உடைந்த பொருள்தான் என்று நினைக்கிறார். நம் ரத்தத்தில் அது இல்லை. ஊசி போட்ட எலிகளும் செத்துப் போயின. அறுத்துப் பார்த்தால் அவற்றின் குண்டிக்காயே பழுதாகிக் கிடந்தது. பேராசிரியர் குழாய்களைக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டார்.

காய்ச்சல் இறங்கியதற்கு இது காரணம் அல்ல. இந்த நோய் அப்படித்தான் ஏறி இறங்கும். பெர்மிட் இல்லாமல் ஒரு துண்டு இறைச்சியும் இனிமேல் கொண்டுவராதீர்கள் அத்தான். சந்தேகம் வந்தால் காரணம் கேட்கவே மாட்டார்கள்.

ஆர்தர்


தடுப்புக் காவல் முகாம்
20 அக்டோபர் 1952

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே ஒரு பக்கம்தான் எழுதலாம், படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். நான் பிடிபட்ட செய்தி உனக்குத் தெரிந்திருக்கும். எப்படி நடந்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

செப்டம்பர் 13ஆம் தேதி கெர்லிங்கிலிருந்து திரும்பும்போது போலீஸ்காரர்கள் ரோட்டை மறித்திருந்தார்கள். புது ஆள்கள், என்னைத் தெரியாது. தபால் பையைத் தூக்கினார்கள், அடியிலிருந்த பொட்டலத்திலிருந்து ரத்தம் கசிந்தது. இன்ஸ்பெக்டர் யாருக்கு என்று கேட்டார். எனக்குப் பின்னால் தோட்டத்து லோரி நின்றுகொண்டிருந்தது, அதில் நம் சனங்கள். என் பெண்சாதிக்கு என்று சொல்லியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். எனக்கு வாய் வரவில்லை. யாரோ கொடுக்கச் சொன்னது என்று உளறினேன்.

அப்போது கூலிகளை வேலை வாங்கும் மண்டோர் உடையப்பன் லோரியிலிருந்து இறங்கி வந்தான். கோயிலில் என்னோடு இருப்பவன், எனக்காகப் பேசத்தான் வந்தான். “ஐயா, கிராணி சுத்த சைவங்க. வீட்ல ஒரு முட்டகூடப் பொழங்க மாட்டாங்க” என்று சத்தியம் செய்தான். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். வீட்டில் யாருமே கறி தின்பதில்லை என்றால் இந்தக் கறி யாருக்கு? காட்டுக்குத்தான். பிறகு ஸ்டேஷனில் உண்மையை எத்தனையோ தரம் சொன்னேன். சிரித்தார்கள்.

நீ எனக்குக் கடைசியாக எழுதியிருந்தால் அது என் கைக்கு வரவில்லை. உன்னைக் கேட்பது ஒன்றுதான். அவளுக்கு நன்றாக வந்துகொண்டிருந்தது. பாதியில் நிற்கக்கூடாது. நீ போய் பெர்மிட் போட்டு வாங்கிக் கொடு. நீ கிறிஸ்துவன், உனக்கு வெட்கமில்லை. உப்புப் போடாதே.

சிவானந்தம்


கெர்லிங்
3 நவம்பர் 1952

அன்புள்ள அத்தான்,

லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிட்டேன். அக்காவோடுதான் இருக்கிறேன். நீங்கள் சொன்னபடி பாய் கடையில் வாங்கிக் கொடுக்கிறேன். பெர்மிட் போட்டிருக்கிறேன், கவலை வேண்டாம். அக்கா நன்றாகச் சாப்பிடுகிறாள். உப்புப் போடவில்லை.

காளியம்மா வழக்கம்போல வருகிறாள். உடையப்பன் தினமும் வந்து வாசலில் நிற்கிறான், உள்ளே வரமாட்டேன் என்கிறான். உங்களை விடச் சொல்லிக் கேட்க அதிகாரியைப் பார்க்கப் போகிறேன். அக்கா உங்களுக்குச் சொல்லச் சொன்னது: உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், குளிர்ந்த தண்ணீரில் குளிக்கக்கூடாதாம்.

உங்கள்
ஆர்தர்


கோலசிலாங்கூர்
1 டிசம்பர் 1952

அத்தான்,

அக்கா போய்விட்டாள். புதன்கிழமை காலையில். தந்தி கொடுத்தேன், உங்களிடம் சேர்த்தார்களா என்று தெரியவில்லை. உங்களை ஒரு நாளைக்கு அனுப்பச் சொல்லி எழுதியதற்கும் பதில் இல்லை.

அப்பா லோரி பிடித்து வந்தார். வந்தவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். ஊரடங்குக்கு முன் போய்ச் சேரவேண்டும் என்பதால் அழுவதற்கும் நேரமில்லை. இங்கே கொண்டுவந்து கல்லறையில் வைத்தோம். சிலுவையில் கான்ஸ்டன்ஸ் சிவானந்தம் என்று எழுதவேண்டும் என்று நான் சண்டை போட்டேன். அப்பா விடவில்லை. கான்ஸ்டன்ஸ் என்று மட்டும்தான் இருக்கிறது. என்னை மன்னியுங்கள், இதிலும் நான் தோற்றுவிட்டேன்.

ஆர்தர்


தடுப்புக் காவல் முகாம்
6 ஜனவரி 1953

தம்பிக்கு,

தந்தியைக் கொடுத்தார்கள், எல்லாம் முடிந்த பிறகு.

நான் அழுகிறேனா, சாப்பிடுகிறேனா என்று எழுத எனக்கு மனமில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் சொல்ல உன்னைவிட்டால் ஆளில்லை. பிடிபடும்வரை அவளுக்குத் தேறி வந்தது. நான் பிடிபட்டேன், நின்றுபோயிற்று. இடையில் நீ வந்து கொடுத்தாய், ஆனால் தாமதம். நான் அன்றைக்கு வெட்கத்தை விட்டு ஒரு பெர்மிட் எழுதியிருந்தால், விடாமல் கொடுத்திருந்தால், அவள் பிழைத்திருப்பாளா? என் வாய் வராததால்தான் அவள் செத்தாளா?

சமாதானம் எழுதாதே. சமாதானம் எனக்கு அடையாளம் தெரியும். நீ படித்த சயன்ஸ் என்ன சொல்கிறதோ அதை எழுது.

சிவானந்தம்


சிங்கப்பூர்
19 ஜனவரி 1953

அன்புள்ள அத்தான்,

பிழைத்திருக்க மாட்டாள்.

அந்தப் பொருள் மனிதனுக்குள் வேலை செய்யாது. நீங்கள் பிடிபடுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுதிய கடிதம் நீங்கள் போன பிறகு தோட்டத்து ஆபீசுக்கு வந்து, பிரிக்காமல் மேசையில் கிடந்தது. நானே போய் எடுத்தேன். மாட்டு ரத்தத்தோடு சேர்ந்தால்தான் அது கிருமியை மடக்கும். சாப்பிட்டால் வெறும் கறி. நீங்கள் தொடர்ந்து கொடுத்திருந்தாலும், ஒரு நாளும் கொடுக்காமலே இருந்திருந்தாலும், அக்கா அதே புதன்கிழமை போயிருப்பாள். முன்பு எனக்கு அது ஏதோ நம் பக்கம் நிற்கிற பொருள் போலத் தோன்றியது. வளர்கிற எல்லாவற்றிலும் அது இருக்கிறது அத்தான், அக்காவிலும் இருந்தது. அது யார் பக்கமும் இல்லை.

நவம்பரில் நான் எழுதியது பொய். ஒரு துண்டும் வாங்கவில்லை. அக்காவுக்கு நான் எல்லாவற்றையும் சொன்னேன், அவளுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. “மாட்டுக் கறி வாசம் எனக்குத் தெரியாதாடா? நம்ம வீட்ல கிறிஸ்மசுக்குத் தின்னு வளர்ந்தவதானே நான். ஆட்டு ஈரலாம்! உப்பே இல்ல, வாயில வைக்க முடியல. ஆனா அந்த மனுசன் மூக்கக் கட்டிக்கிட்டு நின்னாரு பாரு, வேண்டாம்னு சொல்ல எனக்கு மனசு வரல” என்றாள். சாப்பிட்டுவிட்டு நீங்கள் அந்தப் பக்கம் போனதும் பல தடவை வாந்தி எடுத்திருக்கிறாள், காளியம்மாதான் துடைத்துப் போட்டிருக்கிறாள். உங்களுக்குத் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். அக்கா சாப்பிடுகிறாள் என்றே அவருக்கு எழுது, அவர் அங்கே அதைப் பிடித்துக்கொண்டுதான் இருப்பார் என்றாள். நீங்கள் சமாதானம் வேண்டாம் என்றதால் சத்தியத்தை உடைக்கிறேன்.

அதிகாரியைப் பார்க்கப் போனேன். எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, மாட்டுக் குண்டிக்காய் தின்றால் இந்த நோய் தீருமா, நீ ஆராய்ச்சிக்காரன், சொல் என்றார். தீரும் என்று சொல்லியிருந்தால் உங்களை விட்டிருப்பாரோ என்னவோ. என்னால் சொல்ல முடியவில்லை. இல்லை என்றேன். ஃபைலை மூடிவிட்டார்.

ஆர்தர்


தடுப்புக் காவல் முகாம்
11 ஏப்ரல் 1953

தம்பி ஆர்தருக்கு,

உன் கடிதம் ஜனவரியிலேயே வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உயிர் போனதற்கு நான் காரணமில்லை என்கிறாய். சரி. நீ பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது. அதுவரை பாய் கடையிலிருந்து எந்த ரோட்டில் வந்திருக்கலாம் என்றே ராப்பகலாய் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த யோசனை நின்றுவிட்டது. அதற்குப் பதில் வேறொன்று வந்திருக்கிறது. எப்படியும் போகப் போகிறவள் என்றால், நான் அவள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். தண்ணீர் கொடுத்துக்கொண்டு, ஒன்றும் சமைக்காமல். அதைச் செய்யத்தான் எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று ஓடி, கடைசியில் இங்கே வந்து நிற்கிறேன்.

என் பக்கத்துப் படுக்கையில் வீரன் என்று ஒருவன். லோரி ஓட்டுகிறவன். அவனுக்கும் அதே நோய். இங்கே டாக்டர் புதிதாக வந்த வெள்ளை மாத்திரை ஒன்றைக் கொடுக்கிறார். ஊசியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். ஜனவரியில் தூக்கி உட்கார வைத்தார்கள், இப்போது பந்து விளையாடப் போகிறான். போன வருடமே வெளிநாட்டில் வந்துவிட்ட மாத்திரையாம். இங்கே கப்பல் ஏறி வர இவ்வளவு நாள். நல்ல பையன்தான். அவன் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று எழுத நினைத்தேன், வரவில்லை. அவன் காலையில் இருமாமல் எழுந்திருக்கும்போது நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாளத்து டின் மாட்டுக் கறி போடுவார்கள். என் பங்கை வீரனுக்குத் தள்ளிவிடுவது வழக்கம், அவனும் தட்டை நீட்டிக்கொண்டு வருவான். போன ஞாயிறு நீட்டினான், நான் தள்ளவில்லை. “என்ன கிராணி, ஒங்களுக்கு ஆகாதே” என்றான். அவள் என்னதான் தின்றாள் என்று பார்க்கவேண்டும் போல இருந்தது. தின்றேன், வாந்தி எடுக்கவில்லை. இதில் உப்பு இருந்தது தம்பி, நிறையவே இருந்தது.

இனி எனக்குக் கொஞ்ச நாள் எழுதாதே.

சிவானந்தம்